சாங்கிக் கடற்கரையில் ஒரு யோனா

நமக்குப் பிடித்த பெண் இன்னொருவன் சொன்ன கதைக்குச் சிரிப்பதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதைவிடப் பெரிய தண்டனை எந்தச் சட்டத்திலும் கிடையாது. அவள் அவனைப் பார்த்து வெட்கப்பட்டால்கூடத் தாங்கிக்கொள்ளலாம்; வெட்கம் போகப்போகத் தெளிந்துவிடும். சிரிப்பு தெளியாது. வீட்டுக்குப் போய்ப் பாத்திரம் கழுவும்போது நினைத்துக்கொண்டு இன்னொரு தடவை சிரிப்பாள். (அந்த இரண்டாவது சிரிப்புக்குத்தான் எனக்கு வயிறு எரியும்.)

ஐம்பதுகளின் பிற்பகுதியில் என் வயிற்றெரிச்சலுக்குக் காரணமாக இருந்தவன் ஞானதுரை. மிஷன் பள்ளிக்கூடத்து வாத்தியார். உயரம், சுருட்டை முடி, கணீரென்ற குரல். இவை எல்லாவற்றையும் மன்னித்திருப்பேன். அவனுக்குக் கதை சொல்ல வரும்.

இப்போது லிட்டில் இந்தியா என்று பலகை வைத்திருக்கிறார்களே, அது அன்றைக்கு எங்களுக்கு வெறும் சிராங்கூன் ரோடு. அங்கே ஒரு நகைக்கடையின் மேல்மாடியில் எங்கள் வாசகர் சங்கம் சனிக்கிழமை சாயங்காலங்களில் கூடும். செகரட்டரி நான். பகலில் அரசாங்க அலுவலகம் ஒன்றில் பெர்மிட் கொடுக்கும் பிரிவில் குமாஸ்தா. ஊர்வலம், கூத்து, கொட்டகை, கோழிக்கூண்டு, எதற்கு எந்தப் பெர்மிட், யார் கையெழுத்து, எத்தனை நகல் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். (யாரும் எழுப்பிக் கேட்டதில்லை என்பது வேறு விஷயம்.)

இந்திராணி எனக்குத் தூரத்து மாமா மகள். மாமாவுக்கு பஃபலோ ரோட்டில் மளிகைக்கடை. அவள் தமிழ்ப் பள்ளியில் ஆசிரியை. எங்கள் கல்யாணப் பேச்சு பாதிவரை வந்து நின்றிருந்தது. "அவ சரின்னு சொன்னாத்தான் தம்பி" என்று மாமா கையைக் கழுவிவிட்டார். அவளோ, டிசம்பரில் சாங்கிக் கடற்கரையில் சங்கத்துப் பிக்னிக் இருக்கிறதே, அன்றைக்குச் சொல்கிறேன் என்றிருந்தாள். அதற்கு ஏன் பிக்னிக்வரை காத்திருக்க வேண்டும் என்று கேட்க எனக்குத் துணிச்சல் இல்லை. பிக்னிக்குக்கு ஞானதுரையும் வருகிறான் என்பது மட்டும் தெரியும்.

ஒவ்வொரு சனிக்கிழமையும் கூட்டம் முடிகிற நேரத்தில் யாராவது, "சார், ஒரு பழைய ஏற்பாட்டுக் கதை" என்று ஆரம்பிப்பார்கள். அவன் எழுந்துவிடுவான். அவன் பிரசங்கம் செய்திருந்தால் நான் பிழைத்திருப்பேன், பிரசங்கத்தை எதிர்க்கலாம். அவன் அந்தக் கதைகளையே கிண்டல் செய்தான். நோவாவின் பேழையில் யானைக்குப் பக்கத்து அறை கிடைத்த முயலின் புலம்பலை நடித்துக் காட்டினான். தன் மேல் உட்கார்ந்திருந்த பிலேயாம் என்ற தீர்க்கதரிசியைப் பார்த்துக் கழுதை வாயைத் திறந்து பேசிய கதையில், கழுதை பேசியதைவிட அவர் ஆச்சரியமே படாமல் பதில் சொன்னதுதான் அதிசயம் என்றான். "வீட்டுல பழக்கம் போல" என்று சேர்த்துக்கொண்டான். இந்திராணி சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தாள். நான் வருகைப் பதிவைச் சரிபார்ப்பதுபோல் குனிந்துகொண்டேன்.

எதிரியை அவன் ஆயுதத்தாலேயே வீழ்த்துவது என்று முடிவு செய்து, பழைய ஏற்பாட்டை இரவல் வாங்கினேன். (அவனிடமேதான். அட்டை போட்டுக் கொடுத்தான்.) காலையும் மாலையும் பஸ்ஸில் உட்கார்ந்து, சந்தேகத்துக்குரிய விண்ணப்பத்தைப் படிப்பதுபோல் படித்தேன். அவ்வளவு விதிமீறல்களை என் உத்தியோகத்தில் நான் கண்டதில்லை. நோவாவின் கப்பலுக்குத் தகுதிச் சான்றிதழ் கிடையாது. ஒரே கதவு, ஒரே ஜன்னல், அத்தனை மிருகங்கள். எரிகோ பட்டணத்தைச் சுற்றி நாள்கணக்காக எக்காளம் ஊதிக்கொண்டு ஊர்வலம் போயிருக்கிறார்கள். போலீஸ் அனுமதி பற்றி ஒரு வரி இல்லை. முடிவில் மதில் இடிந்து விழுகிறது, முன்னறிவிப்பும் இல்லை. எலியா திறந்த வெளியில் வானத்திலிருந்து நெருப்பை இறக்குகிறார். பக்கத்தில் ஒரு வாளி மணல் வைத்ததாகத் தெரியவில்லை.

எனக்குப் பிடித்தவர் ஒருவர்தான், யோசேப்பு. கனவுக்கு அர்த்தம் சொல்லி, பஞ்சம் வரும் என்று முன்கூட்டியே அறிவித்து, தானியத்தைக் கிடங்குகளில் சேர்த்து, நேரம் வந்ததும் பூட்டைத் திறந்த நிர்வாகி. அண்ணன்மார் பொறாமையில் குழிக்குள் தள்ளியும், கடைசியில் அவர்களே அவர் காலில் வந்து விழுந்தார்கள். அந்த இடத்தை நான் இரண்டு தடவை படித்தேன். மற்றபடி அந்தப் புத்தகத்தில் என் மனநிலைக்கு ஒத்துப்போன ஒரே ஆள் கடவுள்தான். தாம் எரிச்சல் கொள்கிறவர் என்று அவரே கல்லில் எழுதிக் கொடுத்திருக்கிறார். நான் அதை வெளியில் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

என் அலுவலகத்தில் ஐசக் என்று ஒரு யூதர் இருந்தார். மிடில் ரோட்டில் வீடு. இந்தக் கதைகளெல்லாம் அவருடைய ஆட்களின் சொத்து என்பதால், உரிமையாளரிடமே ஒரு மறுப்பு வாங்கிவிடலாம் என்று போனேன். என் ஆட்சேபங்களை எல்லாம் பொறுமையாகக் கேட்டுவிட்டு, பாதி ஆங்கிலத்திலும் பாதி மலாயிலும் சொன்னார்: எங்கள் மதகுருக்கள், ரபிமார்கள், இரண்டாயிரம் வருஷமாக இதே கேள்விகளைக் கேட்டுச் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறார்கள், உனக்கும் இடம் வேண்டுமென்றால் வரிசையில் பின்னால் நில். கூடவே இன்னொன்றும் சொன்னார். அவர்கள் வருஷத்துக்கு ஒரு நாள் பட்டினி கிடந்து பாவமன்னிப்புக் கேட்பார்களாம். அன்றைக்கு யோனாவின் கதையைப் படிப்பார்களாம். ஏன் என்றேன். வயிறு காய்ந்தால்தான் அந்த ஆளின் கோபம் புரியும் என்றார். எனக்கு அப்போது வயிறு நிறைந்திருந்தது.

பிக்னிக்குக்கு முந்தின நாள், சனிக்கிழமை, விவாதம் வைத்தேன். தலைப்பு: தீர்க்கதரிசனம் பலிக்குமா? பலிக்கும் என்று ஞானதுரை. பலிக்காது என்று நான். தலைப்பைத் தேர்ந்தெடுத்தவன் நான், பேச்சாளர்களைத் தேர்ந்தெடுத்தவன் நான், முதலில் பேசுகிறவன் நான். செகரட்டரி பதவியில் வேறென்ன சுகம் இருக்கிறது?

என் துருப்புச் சீட்டு யோனா. நினிவே பட்டணத்துக்குப் போய், இந்த ஊர் அழியப்போகிறது என்று சொல்லும்படி கடவுள் அவரை அனுப்புகிறார். அவர் எதிர்த்திசையில் கப்பல் ஏறுகிறார். கட்டணம் கொடுத்து ஏறினார் என்று எழுதியிருக்கிறது. நான் படித்த வரையில் அந்தப் புத்தகத்திலேயே ஒழுங்காக டிக்கெட் எடுத்தவர் அவர்தான், அவரைத்தான் கடலில் தூக்கிப் போடுகிறார்கள். மீன் விழுங்கிக் கரையில் கக்குகிறது. வேறு வழியில்லாமல் நினிவேக்குப் போய், நாற்பது நாளில் நீங்கள் காலி என்கிறார். ஊர் மொத்தமும் சாக்குத் துணி கட்டிக்கொண்டு அழ, கடவுள் மனம் மாறி விட்டுவிடுகிறார். "சொன்னது நடக்காவிட்டால் அவன் பொய்த் தீர்க்கதரிசி என்று அதே புத்தகத்தில் விதி இருக்கிறது. விதிப்படி யோனா பதவிநீக்கம் செய்யப்பட வேண்டியவர்" என்று முடித்தேன். நல்ல கைதட்டல். இந்திராணிகூடத் தலையாட்டினாள்.

ஞானதுரை மெதுவாக எழுந்தான். "செகரட்டரி சொல்றது நூத்துக்கு நூறு சரி லா. ஆனா யோனாவுக்கு அதுவா கோபம்? ஊர் பொழைச்சுப்போச்சேன்னு கோபம். வெளியில போயி, ஒரு ஆமணக்குச் செடி நெழல்ல உக்காந்துக்கிட்டு, இன்னும் ஏதாவது இடிஞ்சு விழுதான்னு பாத்துக்கிட்டே இருந்தாரு. அந்தச் செடியையும் பூச்சி அரிச்சிருச்சு." என் பக்கம் திரும்பினான். "செகரட்டரிக்கு இது புரியும். பெர்மிட் கேட்டு வந்தவனுக்கு அது கெடச்சுட்டா, அன்னைக்கு அவருக்குச் சோறு எறங்காது."

மாடி அதிர்ந்தது. இந்திராணி இந்தத் தடவை சேலைத் தலைப்பைத் தேடக்கூட இல்லை. வாய்விட்டே சிரித்தாள்.

அதற்குப் பிறகு எழுந்து நின்று பேசியது நான்தான் என்கிறார்கள். தீர்க்கதரிசனம் சொல்ல வானத்திலிருந்து குரல் வேண்டியதில்லை, மூளை போதும். வேண்டுமானால் இப்போதே சொல்கிறேன்: நாளைக்குச் சாங்கியில் காலையில் ஆரம்பித்துச் சாயங்காலம்வரை மழை கொட்டும், கொட்டாவிட்டால் இந்த நாற்காலியில் உட்கார மாட்டேன் என்றேன். டிசம்பர் மாதத்தில் சிங்கப்பூரில் மழை வரும் என்று சொல்ல மூளையும் வேண்டியதில்லை, நாள்காட்டி போதும். ஆனால் சபை ஜன்னல் பக்கம் திரும்பி வானத்தைப் பார்த்தது.

"அப்ப நான் மழை வேண்டாம்னு ஜெபம் பண்ணட்டுமா?" என்றான் ஞானதுரை.

"நீங்க ரெண்டு பேரும் பேசிக்கிட்டே இருங்க, எனக்கு வேலை இருக்கு" என்று சொல்லிவிட்டு இந்திராணி இறங்கிப் போனாள்.

அன்று ராத்திரி நான் யோசேப்பானேன். மழை அடிக்கும்; லாரி நனைந்த கோழிக்குஞ்சுகளாக எல்லாரையும் ஏற்றிக்கொண்டு சங்கத்துக்குத் திரும்பும்; நான் கதவைத் திறப்பேன்; உள்ளே சுடச்சுட பிரியாணி. யார் ஏற்பாடு? செகரட்டரி. முன்கூட்டியே தெரிந்திருந்ததா? தெரிந்திருந்தது. இந்தக் காட்சியில் இந்திராணியின் முகத்தை மனத்துக்குள் பல கோணங்களில் பார்த்துவிட்டு, பிரியாணிக்குச் சொல்லியிருந்த காதர் பாயிடம் போனேன். சாங்கிக்கு வேண்டாம் பாய், நண்பகலுக்குச் சங்கத்து மாடிக்கே கொண்டுவந்துவிடுங்கள் என்றேன். அவர் வானத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், சரி என்றார். வேறு யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் அது ஏற்பாடு, சொல்லாவிட்டால்தான் தீர்க்கதரிசனம்.

ஞாயிறு காலை வானம் கறுத்துக்கிடந்தது. ரப்பர் பூட்ஸ், முழங்காலுக்குக் கீழே தொங்கும் மழைக்கோட்டு, கறுப்புக் குடை சகிதம் லாரியில் ஏறினேன். மாமா என்னை மேலும் கீழும் பார்த்து, "கப்பல்ல வேலை கெடச்சிருச்சா தம்பி?" என்று கேட்டார். கேலாங் தாண்டும்போது நாலு தூறல் விழுந்தது. நான் ஞானதுரையைப் பார்த்தேன். அவன் யாரோ ஒருவரின் குழந்தைக்கு ஆரஞ்சுப்பழம் உரித்துக் கொடுத்துக்கொண்டிருந்தான்.

சாங்கியில் இறங்கியபோது வெயில். சாதாரண வெயில் இல்லை. துவைத்துக் காயப்போட்டதுபோல் பளிச்சென்ற வெயில். மழைக்காக நிறுத்தி வைத்திருந்த லாரியை, "இவன் எதுக்கு இங்க நிக்கிறான்? அஞ்சு மணிக்கு வரட்டும்" என்று மாமா அனுப்பிவிட்டார். தடுக்க எனக்கு ஒரு காரணம் வேண்டியிருந்தது. மேலே அண்ணாந்து பார்த்தேன். காரணம் இல்லை.

ஜனங்கள் கடலில் இறங்கினார்கள், பந்து விளையாடினார்கள். ஞானதுரை பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் நடுவில் மணலில் ஒரு பெரிய மீனை வரைந்து, உள்ளே யோனாவுக்கு ஒரு நாற்காலியும் போட்டுக் கொடுத்தான். இந்திராணி அந்த மீனுக்கு வால் வரைந்தாள். நான் கூட்டத்துக்குக் கிழக்கே, மணல்மேட்டில், குடையை விரித்துத் தன்னந்தனியாக உட்கார்ந்து அடிவானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பூட்ஸுக்குள் கால் வெந்தது. கோட்டைக் கழற்றினால் தோல்வியை ஒப்புக்கொண்டதாகும் என்பதால் கழற்றவில்லை. ஒரு கருமேகம் தெரிந்தால் மனம் குளிரும். அது கடலுக்கு அப்பால் ஜொகூர்ப் பக்கம் போய்விடும். ஜொகூர்க்காரர்கள்மேலும் பொறாமை வந்தது. திடீரென்று ஒரு காற்று வீசிக் குடையை மறுபுறம் திருப்பி, கம்பியில் இரண்டை முறித்துவிட்டுப் போனது. நான் யார், எங்கே உட்கார்ந்திருக்கிறேன், இதற்கு முன் இப்படி உட்கார்ந்திருந்தவர் யார் என்பதெல்லாம் அந்த நொடியில்தான் எனக்கு உறைத்தது.

பசி வேளை வந்தது. மாமா மணலில் மூச்சு வாங்க நடந்து வந்தார். அவருக்குச் சாப்பாடு தள்ளிப்போனால் சொந்தபந்தமே மறந்துவிடும்.

"தம்பி, சாப்பாடு எங்க?"

"சங்கத்துல இருக்கு மாமா."

"எந்தச் சங்கத்துல?"

"நம்ம சங்கத்து மாடியில. மழை பெஞ்சு நாம அங்க போயிருந்தா..."

"சாவி?"

பையிலிருந்து எடுத்துக் காட்டினேன். சாவி செகரட்டரியிடம் மட்டுமே இருக்க வேண்டும் என்று விதி எழுதியவனும் நானே. மாமா சாவியைப் பார்த்தார், சூரியனைப் பார்த்தார், பிறகு மகள் இருந்த திசையைப் பார்த்தார். கல்யாணப் பேச்சின் மிச்சமிருந்த பாதியும் அந்தப் பார்வையில் கரைந்து போவதை நான் கண்ணால் கண்டேன்.

செய்தி பரவியது. யாரும் திட்டவில்லை, திட்டவும் தெம்பு வேண்டுமே. வனாந்தரத்தில் பட்டினி கிடந்த இஸ்ரவேலர்கள் தங்கள் தலைவரைப் பார்த்து முணுமுணுத்தார்கள் என்று படித்தபோது நன்றிகெட்ட ஜனங்கள் என்று நினைத்திருந்தேன். முணுமுணுப்பை நேரில் கேட்டால் வேறு மாதிரி இருக்கிறது.

ஞானதுரையைக் காணவில்லை. கொஞ்ச நேரத்தில் தென்னைமரங்களுக்குப் பின்னாலிருந்த கம்பத்திலிருந்து, அதாவது மலாய்க்காரர் கிராமத்திலிருந்து, வெளிப்பட்டான். பின்னால் இரண்டு மலாய்க்கார அம்மாமார்கள், தலையில் கூடைகள். வாழையிலையில் மடித்த நாசி லெமாக் என்ற தேங்காய்ப்பால் சோறு, கூடவே பலகாரங்கள். வீடு வீடாகப் போய்க் கேட்டிருக்கிறான். எங்கள் ஆட்கள் பாய்ந்தார்கள். "வனாந்தரத்துல வானத்துலேர்ந்து மன்னான்னு சாப்பாடு விழுந்துச்சாம். இங்க கம்பத்துலேர்ந்து வருது, அவ்வளவுதான் வித்தியாசம்" என்றான். எனக்கும் ஒரு பொட்டலம் கொண்டுவந்து கொடுத்தான், நெத்திலி கூடுதலாக வைத்து. அதைச் சாப்பிட்டபோது எனக்கு வந்த ஆத்திரத்தை எழுத்தில் வடிக்க முடியாது. அவ்வளவு ருசி.

ஐந்து மணிக்கு லாரி வந்தது. எல்லாரும் ஏறும்போது இந்திராணி ஒரு சவுக்குமரத்தடிக்குப் போய்க் குனிந்து மணலிலிருந்து எதையோ பிடுங்கினாள். செராய். சமையலுக்குப் போடுவார்களே, அந்த வாசனைப் புல். வேர் மேலேயும் தாள் கீழேயுமாக நட்டு வைத்திருந்தாள்.

"எதிர்வீட்டு மலாய்க்கார அம்மா, மக் சிக், சொல்லிக் குடுத்தாங்க. கல்யாணம் ஆகாத பொண்ணு தலைகீழா நட்டு வச்சா மழை நின்னுருமாம். ராத்திரி போயி அவங்க தோட்டத்துல பறிச்சிட்டு வந்தேன்" என்றாள்.

நான் ஞானதுரையைப் பார்த்தேன். "நான் ஜெபமே பண்ணல லா, தூங்கிட்டேன்" என்றான்.

லாரி பிடோக்கைத் தாண்டியதும் மழை பிடித்துக்கொண்டது. அப்படி ஒரு மழை. நாற்பது நாளுக்குச் சேர்த்து வைத்திருந்தது மொத்தமும் எங்கள் லாரியின் மேல் இறங்கியது. திறந்த லாரி. "பாருங்க, வந்துருச்சு" என்று வாயெடுத்தேன். லாரியிலிருந்த அத்தனை முகங்களும் என் பக்கம் திரும்பின. அந்த மழையில் நனையாமல் இருந்தது நான் மட்டும்தான். மழைக்கோட்டைக் கழற்றி மாமாவுக்குப் போர்த்தினேன். அவர் நன்றி சொல்லவில்லை, ஆனால் வாங்கிக்கொண்டார்.

சங்கத்து வாசலில் காதர் பாய் கழுவிக் கவிழ்த்த அண்டாக்களோடு ஐந்தடி நடைபாதையில் உட்கார்ந்திருந்தார். மேலே பூட்டியிருந்ததாம். "சோறு ஆறிப்போனா எனக்குப் பாவம் தம்பி. செகரட்டரி தர்மம் பண்றார்னு சொல்லி எல்லாருக்கும் போட்டுட்டேன். தெருவே வாழ்த்திச்சு." ரிக்‌ஷாக்காரர்கள், தேக்கா மார்க்கெட்டில் மூட்டை தூக்குகிறவர்கள், போன மாதம் நான் பெர்மிட் மறுத்திருந்த மோர்க்கடைக்காரன்வரை எல்லாரும் வயிறு நிறைந்து நடைபாதையில் சாய்ந்திருந்தார்கள். என்னைப் பார்த்ததும் எழுந்து சலாம் போட்டார்கள். மோர்க்கடைக்காரன் இரண்டு தடவை போட்டான்.

அவன் ஏப்பம் விட்ட விதம் எனக்குப் பொறுக்கவில்லை. "இவனுக்கெல்லாமா பாய்? என் பிரியாணி பாய்" என்றேன். என் குரல் உடைந்திருந்தது என்று இன்றுவரை சொல்கிறார்கள்.

பின்னாலிருந்து ஞானதுரையின் குரல் கேட்டது. "யோனா கதையோட கடைசி வரி இதுதான் செகரட்டரி. கடவுள் கேக்குறாரு: ஒரு செடி பட்டுப்போனதுக்கு நீ இவ்வளவு வருத்தப்படுறியே, வலது கை எது இடது கை எதுன்னு தெரியாத இத்தனை ஜனங்களும், இவ்வளவு மாடுகளும் இருக்கிற ஊருக்காக நான் பரிதாபப்படக் கூடாதான்னு. அப்படியே முடிஞ்சுருது கதை."

"மாடு எங்கடா வந்துச்சு?" என்றேன்.

அவன் கையைக் காட்டினான். பால்காரரின் பசு ஒன்று தூணோரம் நின்று, என் பிரியாணியின் எச்சில் இலைகளை ஒவ்வொன்றாக ரசித்து மென்றுகொண்டிருந்தது. மாமா சிரித்தார். அன்றைக்கு முழுக்கச் சிரிக்காத மாமா, என் மழைக்கோட்டுக்குள் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். இந்திராணி மாடிப்படியில் உட்கார்ந்துவிட்டாள். நிற்க முடியவில்லை அவளால்.

எல்லாரும் கலைந்த பிறகு சாவியை அவளிடம் நீட்டினேன். வேறு யாரையாவது செகரட்டரியாகப் போட்டுக்கொள்ளச் சொன்னேன். ஞானதுரை நல்லவர், உன் பதில் எனக்குத் தெரியும் என்றேன்.

"என்ன தெரியும்? அவருக்குப் பினாங்குல பொண்ணு பேசி முடிச்சாச்சு, ஊருக்கே தெரியும். உங்களுக்குத்தான் தெரியாது."

"அப்ப அவன் கதை சொன்னா ஏன் அப்படிச் சிரிக்கிற?"

"அவர் கதை சொன்னாச் சிரிப்பு வருது அத்தான். உங்கள நெனச்சாலே வருது. எது காலத்துக்கும் தாங்கும்?"

நான் நீட்டிய சாவியைத் திரும்பப் பைக்குள் போட்டுக்கொண்டேன்.

"மழை மட்டும் பெஞ்சிருந்துச்சு, வேண்டாம்னு சொல்லியிருப்பேன். ஜெயிச்ச உங்களக் கட்டிக்கிட்டு யாரு குப்பை கொட்டுறது? அதுக்குத்தான் செராய் நட்டேன்."

தை மாதம் கல்யாணம். அன்றைக்கும் கொட்டியது, நட்டு வைக்கக் கல்யாணமாகாத கை அவளிடம் இல்லை. ஞானதுரை வந்து சாப்பாட்டுப் பந்தியை முன்னின்று நடத்தினான். அவன் இப்போது பெர்த்தில் மகளோடு இருக்கிறான்.

ஆங் மோ கியோவில் எங்கள் வீடு ஒன்பதாவது மாடி. துணி காயவைக்க ஜன்னலுக்கு வெளியே மூங்கில் கழிகளை நீட்ட வேண்டும். காலையில் நான் எட்டிப்பார்த்து, "இன்னைக்கு மழை வரும்" என்றால் போதும், சமையலறையிலிருந்து இந்திராணி மருமகளுக்குக் குரல் கொடுப்பாள்: "மழைன்னு சொல்லிட்டாரும்மா, துணிய வெளியில போடு." மருமகளும் போடுவாள். பேரப்பிள்ளைகள் பள்ளிக்கூட விளையாட்டு விழாவுக்கு முந்தின நாள் வந்து, மழை வரும் என்று சொல்லும்படி என்னைக் கெஞ்சுவார்கள்.

வருஷப் பிறப்பன்று பெர்த்திலிருந்து போன் வரும். நான்தான் எடுப்பேன். "செகரட்டரி, அங்க மழையா?" என்பான். நான் பதில் சொல்வதற்குள் இந்திராணி போனைப் பிடுங்கிக்கொள்வாள். எனக்குக் கேட்காத ஏதோ ஒன்றுக்கு, சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு சிரிப்பாள். வெளிநாட்டு அழைப்புக்கு நிமிடத்துக்கு எவ்வளவு என்று எனக்குத் தெரியும். அவன் காசுதானே என்று விட்டுவிட்டு ஜன்னலுக்குப் போய் வெளியே பார்ப்பேன். மேகம் கறுத்திருக்கும். நான் வரும் என்று காலையிலேயே சொன்ன மழை. கழியில் என் சட்டை காய்ந்து மொடமொடவென்று ஆடிக்கொண்டிருக்கும்.